உயிரணுவின் வரவு செலவு: வேதிப் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேதிப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கும், அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,



பெர்னார்ட் பால்சன் 1957இல் பிறந்த ஐஸ்லாந்துக்காரர். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியலில் இளநிலைப் பட்டமும், விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் 1984இல் முனைவர் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் துறையில் ஆசிரியரானார். 1995இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்கு, உயிரிப் பொறியியல் துறைக்கு மாறினார். ஓர் உயிரியின் மரபணுத்தொகையிலிருந்து அதன் வளர்சிதை மாற்றம் முழுவதையும் கணினியில் கட்டியெழுப்பும் துறை உருவானதில் அவருடைய ஆய்வகத்துக்கு முதன்மையான பங்கு உண்டு. அவர் உயிரியலில் பட்டம் பெற்றவரல்லர். கணினி அறிவியலிலும் அல்லர். வேதிப் பொறியியல் மாணவர் இரண்டாம் ஆண்டில் படிக்கும் பொருள் சமநிலைக் கணக்குதான் அவருடைய அடிப்படைக் கருவி. அந்தக் கணக்கு உயிரணுவுக்குள் எப்படிப் போனது, எதைச் சாதித்தது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை முறையாகத் தெரிந்துகொள்வது இன்று இத்துறையில் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

மேடிசனில் வேதிப் பொறியியல் கற்பதற்குத் தனிச் சிறப்பு உண்டு. பர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் மூவரும் எழுதி 1960இல் வெளிவந்த கடத்தல் நிகழ்வுகள் பாடநூல் அங்கேதான் பிறந்தது. அந்த நூலைத் தொடாமல் இத்துறையில் பட்டம் வாங்கியவர்கள் குறைவு. மூவரில் எட்வின் லைட்ஃபுட் உயிருள்ளவற்றின் பக்கம் திரும்பியவர். உயிர் அமைப்புகளில் நடக்கும் கடத்தலைப் பற்றியே 1974இல் தனியாக ஒரு நூல் எழுதினார். வளர்சிதை மாற்ற வலையமைப்புகளின் இயக்கத்தையும் கட்டுப்பாட்டையும் கணிதமாக எழுதிப் பார்க்கும் தொடர் கட்டுரைகளை, 1980களின் நடுவில் பால்சன் லைட்ஃபுட்டுடன் இணைந்துதான் வெளியிட்டார். நொதிகளால் நடக்கும் வினைகள், அவற்றின் வேகங்கள், பின்னூட்டம், நிலைப்புத்தன்மை ஆகியவை அவற்றில் பேசப்பட்டன. வினைகலன் வடிவமைப்பும் செயல்முறைக் கட்டுப்பாடும் படித்த ஒருவருக்கு உயிரணு இயல்பாக எப்படித் தோன்றுமோ, அப்படியே அந்தக் கட்டுரைகள் அதை அணுகின.

மிச்சிகனில் அவர் எடுத்துக்கொண்டது மனிதனின் சிவப்பணு. தேர்வு பொருத்தமானது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, புரதம் தயாரிக்கும் வேலையும் இல்லை. குளுக்கோஸை உடைத்து ஆற்றல் பெறுவது, ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தாங்குவது, உப்புச் சமநிலையைக் காப்பது என்று அதன் வேலைகள் எண்ணி முடிக்கக் கூடியவை. நொதிகள் பல பத்தாண்டுகளாக அளக்கப்பட்டவை. 1980களின் இறுதியில் இந்த அணுவின் வளர்சிதை மாற்றத்துக்கு முழுமையான இயக்கவியல் மாதிரி ஒன்றை அவருடைய குழு வெளியிட்டது. அதே காலத்தில் எலும்பு மச்சை அணுக்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் முயற்சியிலும் ஈடுபட்டு, அதற்கென ஒரு நிறுவனம் தொடங்குவதிலும் பங்கெடுத்தார்.

சிவப்பணுவில் கைகொடுத்த முறை மற்ற உயிரணுக்களில் முட்டி நின்றது. காரணத்தை வினை வேகவியல் படித்த எந்த மாணவரும் புரிந்துகொள்வார். ஒரு நொதி வினைக்கு வேகச் சமன்பாடு எழுத உச்ச வேகம் வேண்டும், மிக்கேலிஸ் மாறிலி வேண்டும், தடுப்பான்கள் எவ்வளவு தடுக்கின்றன என்று தெரிய வேண்டும். ஈ. கோலை போன்ற ஒரு பாக்டீரியாவில் வினைகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து எண்கள் என்றால் பல ஆயிரம் அளவீடுகள் தேவை. சோதனைக் குழாயில் தூய்மையாக்கிய நொதியை வைத்து அளந்த எண், நெரிசலான உயிரணுவுக்குள்ளும் அப்படியே பொருந்தும் என்ற உறுதியும் கிடையாது. தெரியாத எண்களை ஊகித்துப் போட்டால் மாதிரி எதை வேண்டுமானாலும் சொல்லும்.

தெரியாததைத் தேடி அலைவதை விட்டு, உறுதியாகத் தெரிந்ததை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பதுதான் அடுத்த கட்டம். ஒரு வினையின் வேகம் தெரியாவிட்டாலும் அதன் விகிதம் தெரியும். ஒரு மூலக்கூறு குளுக்கோஸ் கிளைக்காலிசிஸ் வழியே உடைந்தால் இரண்டு மூலக்கூறு பைருவேட் வரும். வெப்பநிலை மாறினாலும், நொதி கூடினாலும் குறைந்தாலும், அந்த இரண்டு மாறாது. நிறை அழியாது என்ற விதிக்கு ஆய்வகப் பிழை கிடையாது.

இந்த வழியை முதலில் கண்டவர் பால்சன் அல்லர். 1984இல் எலெஃப்தெரியோஸ் பாப்புட்சாகிஸ் என்ற வேதிப் பொறியாளர், பியூட்டிரிக் அமிலம் தரும் பாக்டீரியாக்களின் நொதித்தலுக்கு இத்தகைய சமன்பாடுகளை எழுதியிருந்தார். 1986இல் ஃபெல், ஸ்மால் இருவரும் கொழுப்புத் திசுவில் கொழுப்பு உருவாவதை நேரியல் திட்டமிடல் கொண்டு ஆராய்ந்தார்கள். 1990இல் மஜேவ்ஸ்கியும் டோமாக்கும், ஈ. கோலை ஆக்சிஜன் இருக்கும்போதே ஏன் அசிட்டேட்டை வெளியே தள்ளுகிறது என்பதற்கு இதே வழியில் விளக்கம் தந்தார்கள். அடுத்தடுத்து வந்த மாணவர்களோடு இதை ஒரு முழு முறையாக வளர்த்ததும், மரபணுத்தொகை கிடைத்த உடனே அதனோடு இணைத்ததும் பால்சன் குழுவின் பங்களிப்பு. 1992இல் ஜோவன் சாவினெல்லும், 1994இல் அமித் வர்மாவும் அவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகள் இந்த வளர்ச்சியின் படிகள். இம்முறை இன்று பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு எனப்படுகிறது.

அதன் அமைப்பை ஒரு கணக்குப் புத்தகமாக நினைத்தால் விளங்கும். உயிரணுவிலுள்ள ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒரு பக்கம். அந்தச் சேர்மத்தை உண்டாக்கும் வினைகள் வரவு. செலவழிக்கும் வினைகள் பற்று. உயிரணு சீராக வளரும் நிலையில் எந்தச் சேர்மமும் குவிந்துகொண்டே போவதில்லை, வற்றிப்போவதும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் வரவும் பற்றும் சமம். எல்லாப் பக்கங்களையும் ஒன்றாக எழுதினால் வினைவிகித அணி கிடைக்கிறது: வரிசைகள் சேர்மங்கள், நிரல்கள் வினைகள், உள்ளே உள்ளவை விகித எண்கள். அந்த அணியை வினைகளின் பாய்வு நிரலால் பெருக்கினால் சுழியம். ஒரு காய்ச்சி வடிக்கும் கோபுரத்தைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்து, உள்ளே வருவது வெளியே போவதற்குச் சமம் என்று எழுதுவதும் இதுவும் ஒரே கணக்குதான்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. கற்பிப்பதற்காக உருவாக்கப்பட்ட ஈ. கோலையின் சிறிய மைய மாதிரியில் 72 சேர்மங்களும் 95 வினைகளும் உள்ளன. சமன்பாடு 72, தெரியாதவை 95. ஆகக் குறைந்தது 23 வினைகளின் பாய்வு தளர்வாக நிற்கிறது. அளந்து நிரப்ப வழியில்லாதபோது இரண்டு காரியங்கள் செய்யப்படுகின்றன. முதலாவது, எல்லைகள் விதிப்பது. திரும்பாத வினை பின்னோக்கி ஓடாது; ஒரு மணி நேரத்தில் இவ்வளவு குளுக்கோஸுக்கு மேல் உள்ளே வராது; ஆக்சிஜன் இல்லையென்றால் அதன் வரத்து சுழியம். இந்த எல்லைகளுக்குள் அடங்கும் பாய்வுகள் எல்லாம் சேர்ந்து பல பரிமாண வெளியில் ஒரு பன்முகியாக அமைகின்றன. உயிரணுவால் செய்ய முடிந்த எதுவும் அந்தப் பன்முகிக்கு வெளியே இருக்காது.

இரண்டாவது, அந்தப் பன்முகிக்குள் ஒரு புள்ளியைத் தேர்வது. அதற்கு உயிரணு எதை நாடுகிறது என்ற அனுமானம் வேண்டும். பாக்டீரியாவுக்கு அந்த நாட்டம் வளர்ச்சி என்று வைத்துக்கொள்ளப்படுகிறது. ஈ. கோலையின் உலர் எடையில் ஏறத்தாழ 55 விழுக்காடு புரதம், 20 விழுக்காடு ஆர்.என்.ஏ., 9 விழுக்காடு கொழுப்பு, 3 விழுக்காடு டி.என்.ஏ. இந்த விகிதத்தில் அமினோ அமிலங்களையும் மற்ற மூலப்பொருள்களையும் ஆற்றலையும் எடுத்துக்கொண்டு ஒரு கிராம் உயிரணுவை உண்டாக்கும் ஒரு கற்பனை வினை அணியில் சேர்க்கப்படுகிறது. அந்த வினையின் பாய்வை மிகையாக்கு என்று கட்டளையிட்டால் அது நேரியல் திட்டமிடல் கணக்கு. சாதாரண மடிக்கணினி அதை நொடியின் ஒரு பங்கில் தீர்த்துவிடும்.

1994இல் வர்மாவும் பால்சனும் இந்த முறையால் ஈ. கோலையின் வளர்ச்சியையும் அது வெளியேற்றும் துணைப்பொருள்களையும் அளவோடு முன்கூட்டிச் சொல்லி, வினைகலத்தில் அளந்தவற்றோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஆனால் எந்த வினைகள் அணியில் இருக்க வேண்டும் என்பதற்கு அப்போது உயிர்வேதியியல் புத்தகங்கள்தாம் ஆதாரம். ஓர் உயிரியில் உள்ள எல்லா வினைகளையும் பட்டியலிட வழி இல்லாதிருந்தது.

அந்த வழி 1995இல் திறந்தது. தனித்து வாழும் உயிரி ஒன்றின் மரபணுத்தொகை முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது. உயிரி ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா என்ற பாக்டீரியா, நீளம் 18 லட்சத்து 30 ஆயிரம் எழுத்துகள். 1997இல் ஈ. கோலையின் 46 லட்சம் எழுத்துகள் வந்தன. அவற்றைப் படித்து முடித்தது மேடிசனில் இருந்த ஒரு குழு. மரபணு தெரிந்தால் நொதி தெரியும், நொதி தெரிந்தால் வினை தெரியும், வினை தெரிந்தால் அணியில் ஒரு நிரல் கூடும். அதே 1995இல்தான் பால்சன் சான் டியேகோவுக்குப் போயிருந்தார். ஜெரமி எட்வர்ட்ஸ் என்ற மாணவரோடு சேர்ந்து, 1999இல் ஹீமோஃபிலஸுக்கும் 2000இல் ஈ. கோலைக்கும் மரபணுத்தொகை அளவிலான மாதிரிகளை வெளியிட்டார். ஈ. கோலை மாதிரியில் ஒரு மரபணுவை நீக்கினால் உயிரி பிழைக்குமா சாகுமா என்று கேட்டு, ஏற்கெனவே வெளியாகியிருந்த சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். 79 நேர்வுகளில் 68 சரியாக இருந்தன. ஒரு வேக மாறிலிகூடப் பயன்படுத்தாத கணக்கு 86 விழுக்காடு சரியாகச் சொன்னது அன்று பலருக்கு வியப்பாக இருந்தது.

இந்த வாழ்க்கைப் பணியில் வெளியாருக்கு அதிகம் தெரியாத பகுதி ஒன்று உண்டு. கணினி அந்தக் கணக்கை ஒரு நொடியில் தீர்க்கிறது; ஆனால் அணியை நிரப்புவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. மரபணுத்தொகையில் நொதி என்று குறிக்கப்பட்டிருப்பது உண்மையிலேயே அந்த நொதிதானா, அது எந்தத் துணை நொதியைப் பயன்படுத்துகிறது, உயிரணுவின் எந்த அறையில் இருக்கிறது, வினையில் ஹைட்ரஜனும் மின்சுமையும் இருபுறமும் சமமா, எந்த ஆய்வுக் கட்டுரை இதற்குச் சான்று என்று ஒவ்வொரு வினைக்கும் கேட்டுப் பதில் எழுத வேண்டும். அந்த வேலைக்கு மீளுருவாக்கம் என்று பெயர். இனஸ் தியெலேவும் பால்சனும் 2010இல் வெளியிட்ட செய்முறைக் கட்டுரை இதை 96 படிகளாக வகுத்தது. நன்றாக ஆராயப்பட்ட ஒரு பாக்டீரியாவுக்கு 6 மாதம், மனித வளர்சிதை மாற்றத்துக்கு 6 பேர் 2 ஆண்டுகள் என்று தேவைப்படும் காலத்தையும் குறிப்பிட்டது. பழைய இதழ்களைப் புரட்டுவதும், ஒரு வினையின் இருபக்கமும் நிகராகிறதா என்று சரிபார்ப்பதுமே பெரும்பாலான நாள்களின் வேலை. கணிப்பு உயிரியல் என்றதும் கணினி நிரல் எழுதுவதை மட்டும் எண்ணிக்கொண்டு வரும் மாணவருக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் இந்தத் துறையின் மதிப்பு முழுவதும் இந்தப் பொறுமையான சரிபார்ப்பில்தான் இருக்கிறது. கணினி நிரல் நன்றாக இருந்து அணியில் பிழை இருந்தால் விடை பிழையாகவே வரும்.

மாதிரிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தில் இந்த உழைப்புக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கணினிக்குள் இருப்பது என்பதைக் குறிக்கும் ஐ, அதன் பின் மாதிரியைக் கட்டியவரின் பெயரெழுத்துகள், அதன் பின் அடங்கியுள்ள மரபணுக்களின் எண்ணிக்கை. எட்வர்ட்ஸ் கட்டியது ஐ-ஜேஇ-660. ஜெனிஃபர் ரீட் 2003இல் விரிவாக்கியது ஐ-ஜேஆர்-904. ஆடம் ஃபைஸ்டின் 2007 பதிப்பு ஐ-ஏஎஃப்-1260, ஜெஃப்ரி ஆர்த்தின் 2011 பதிப்பு ஐ-ஜேஓ-1366, 2017இல் வந்தது ஐ-எம்எல்-1515. ஆய்வகத் தலைவரின் பெயர் எதிலும் இல்லை. கட்டிய மாணவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒரே பாக்டீரியாவின் ஒரே கணக்கை, பதினேழு ஆண்டுகள், ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் திருத்தி வளர்த்தார்கள். கடைசிப் பதிப்பில் 2,719 வினைகள். எந்த மரபணு இல்லாமல் உயிர்வாழ முடியாது என்ற கேள்விக்கு அது 93 விழுக்காட்டுக்கு மேல் சரியான விடை தருகிறது.

மரபணுவை நீக்கிப் பார்க்கும் ஒப்பீடுகளைவிட ஆழமான சோதனை ஒன்று 2002இல் நடந்தது. இந்த ஆய்வகத்தின் சோதனைகளில் மிகச் சிறந்தது அதுவே என்று சொல்லலாம். பாக்டீரியா வளர்ச்சியை மிகையாக்குகிறது என்ற அனுமானத்தை எப்படிச் சரிபார்ப்பது? குளுக்கோஸ், அசிட்டேட், சக்சினேட், மாலேட் ஆகியவற்றில் ஈ. கோலை, கணக்கு சொன்ன உத்தம நிலைக்கு அருகில் வளர்ந்தது. கிளிசரால் கொடுத்தபோது மட்டும் கணக்கு சொன்னதைவிட மெதுவாக வளர்ந்தது. கணக்கு தவறு என்று விட்டுவிட இடமிருந்தது. இபாரா, எட்வர்ட்ஸ், பால்சன் மூவரும் வேறு கேள்வி கேட்டார்கள்: இந்த உயிரி கிளிசராலுக்கு இன்னும் பழகவில்லையோ? வளர்ந்த பாக்டீரியாவில் ஒரு பகுதியை எடுத்துப் புதிய கிளிசரால் ஊடகத்துக்கு மாற்றினார்கள். அதிலிருந்து மறுபடி அடுத்ததற்கு. இப்படி 40 நாள்கள், ஏறத்தாழ 700 தலைமுறைகள் தொடர்ந்தன. இயற்கைத் தேர்வு வேகமாக வளரும் வகைகளை முன்னுக்குக் கொண்டுவந்தது. முடிவில் பாக்டீரியா, கணினி முன்பே குறித்திருந்த வளர்ச்சி வேகத்தை எட்டி அங்கேயே நிலைகொண்டது. பரிணாமம் போய்ச் சேரும் இடத்தை ஒரு நிறைச் சமநிலைக் கணக்கு முன்கூட்டிச் சொன்னது. 2006இல் அந்த வகைகளின் மரபணுத்தொகையைப் படித்துப் பார்த்தபோது, கிளிசராலைப் பயன்படுத்துவதில் முதற்படியான கிளிசரால் கைனேஸ் நொதியின் மரபணுவிலும், ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் மரபணுக்களிலும் மாற்றங்கள் இருந்தன.

இம்முறையின் குறைகளையும் மாணவர் தொடக்கத்திலேயே அறிய வேண்டும். பாய்வுகளை மட்டுமே அது சொல்லும். சேர்மங்களின் செறிவு பற்றி எதுவும் சொல்லாது. நொதியை அடக்குவதும் தூண்டுவதுமான மரபணுக் கட்டுப்பாடு அணியில் இல்லை. ஒரே உச்ச வளர்ச்சியை வெவ்வேறு பாய்வுகளால் அடைய முடியுமென்றால், அவற்றில் எது உண்மையில் நடக்கிறது என்று கணக்கு சொல்ல முடியாது. மரபணுவை இழந்த உயிரி உடனே புதிய உத்தம நிலைக்குத் தாவுவதில்லை. பழைய நிலைக்கு முடிந்தவரை அருகில் நிற்கிறது என்ற மாற்று அனுமானத்தை 2002இல் செக்ரே, விட்குப், சர்ச் மூவரும் முன்வைத்தார்கள். மனித நரம்பணுவோ கல்லீரல் அணுவோ வளர்ச்சியை நாடுவதில்லை. அங்கே எதை மிகையாக்குவது என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. பர்டூ பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் பேராசிரியர் துரைசாமி ராம்கிருஷ்ணாவின் குழு 1980களிலேயே வேறு பாதையில் சென்றது. இரண்டு சர்க்கரைகள் கலந்த ஊடகத்தில் பாக்டீரியா ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது போன்ற நடத்தையை, நொதி தயாரிப்பை உயிரணு தானே பங்கிட்டுக்கொள்வதாக எழுதி, வேகவியலையும் கட்டுப்பாட்டையும் விட்டுவிடாமல் அந்தப் பாதை அணுகியது. இரண்டு பாதைகளும் தேவைப்படுகின்றன. எதற்கு எது பொருந்தும் என்று தேர்ந்தெடுக்க இரண்டையும் படித்திருக்க வேண்டும்.

தொழிலுக்குப் பயன்பட்ட விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1,4-பியூட்டேன்டையால் என்பது பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்யப்படும் கரைப்பான். நீட்சி இழைத் துணிகளுக்கும் பல நெகிழிகளுக்கும் அடிப்படை. இயற்கையில் எந்த உயிரியும் இதைத் தயாரிப்பதாகத் தெரியவில்லை. பால்சனும் அவருடைய மாணவர் கிறிஸ்டோஃப் ஷில்லிங்கும் சேர்ந்து தொடங்கிய ஜீனோமேட்டிகா நிறுவனம் இதை ஈ. கோலை வழியாகத் தயாரிக்க முனைந்தது. எத்தனால், லாக்டேட், ஃபார்மேட், சக்சினேட் ஆகியவற்றுக்குப் போகும் வழிகளை அடைத்துவிட்டால், உபரி எலக்ட்ரான்களைத் தீர்க்க உயிரணுவுக்குப் பியூட்டேன்டையாலைத் தவிர வேறு வழி இருக்காது. வளர வேண்டுமென்றால் அதைத் தயாரித்தே ஆக வேண்டும். எந்தெந்த மரபணுக்களை நீக்கினால் இப்படி ஆகும் என்று கண்டுபிடிக்கும் கணிப்பு முறையை, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியாளர் கோஸ்டாஸ் மரானாஸின் குழு 2003இல் வெளியிட்டிருந்தது. 2011இல் லிட்டருக்கு 18 கிராமுக்கு மேல் கிடைத்ததாகக் கட்டுரை வந்தது. 2016இல் இத்தாலியில் நோவாமாண்ட் நிறுவனம் ஆண்டுக்கு 30,000 டன் திறனுள்ள ஆலையைத் திறந்தது.

மருத்துவத்தின் பக்கம், 2007இல் வந்த முதல் மனித மாதிரியில் 1,496 மரபணுக்களும் 3,311 வினைகளும் இருந்தன. 2018 பதிப்பில் வினைகள் 13,000ஐத் தாண்டின. நம் நாட்டுக்கு நெருக்கமானது காசநோய். அதன் பாக்டீரியாவுக்கு நீமா ஜம்ஷிதியும் பால்சனும் 2007இல் 661 மரபணுக்கள், 939 வினைகள் கொண்ட மாதிரியைத் தந்தார்கள். அதற்கு முன்பே, 2005இல், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் ராமன், ராஜகோபாலன், நாகசுமா சந்திரா மூவரும் அந்தப் பாக்டீரியாவின் சுவரில் உள்ள மைக்கோலிக் அமிலம் உருவாகும் வினைத்தடத்தை மட்டும் எடுத்து, 219 வினைகளோடு பாய்வுச் சமநிலைக் கணக்குப் போட்டு, மருந்து தாக்கத் தகுந்த நொதிகளைப் பட்டியலிட்டார்கள். காசநோய்க்கு முதல் வரிசையில் தரப்படும் ஐசோனியாசிட் மருந்து தாக்குவதும் இந்தத் தடத்தைத்தான். கார்த்திக் ராமன் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகி, கணிப்பு அமைப்பு உயிரியலை அங்கே கற்பிக்கிறார். அந்தப் பாடம் என்.பி.டி.இ.எல். வழியாக எல்லாருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

பால்சனின் மாணவர்கள் சென்ற இடங்களும் கவனிக்கத் தக்கவை. ஜெனிஃபர் ரீட், பால்சன் முனைவர் பட்டம் பெற்ற அதே மேடிசன் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் துறையில் ஆசிரியரானார். மார்கஸ் கோவர்ட் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்று, 525 மரபணுக்களே உள்ள மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியாவுக்கு முழு உயிரணு மாதிரி ஒன்றை 2012இல் தம் குழுவோடு வெளியிட்டார். வளர்சிதை மாற்றத்துக்கு அதில் பயன்பட்டது பாய்வுச் சமநிலைக் கணக்கு, மற்ற நிகழ்வுகளுக்கு வேறு கணிதம். இனஸ் தியெலே அயர்லாந்தின் கால்வே நகரில் மனித வளர்சிதை மாற்றத்தையும் குடல் நுண்ணுயிர்களையும் இணைத்து ஆராய்கிறார். வேதிப் பொறியியலிலிருந்து உயிரியலுக்குப் போக இது ஒன்றே வழி என்றும் இல்லை. பிரின்ஸ்டனில் நெடுங்காலம் பணியாற்றி 2016இல் காலமான கிறிஸ்டோடூலோஸ் ஃப்ளூடாஸ், வேதி ஆலைகளின் வடிவமைப்பை உத்தமமாக்கும் கணிதத்தில் தொடங்கி, அதே கணிதத்தைப் புரதங்கள் மடியும் வடிவத்தை முன்னறியப் பயன்படுத்தினார்.

வேதிப் பொறியியல் மாணவர் கையில் ஏற்கெனவே இருப்பவை: பொருள் சமநிலை, வினை வேகவியல், வெப்ப இயக்கவியல், உத்தமமாக்கல். இவற்றை உயிரியலில் எளிதில் யாரும் கற்றுத்தர மாட்டார்கள். கையில் இல்லாதவை: நேரியல் இயற்கணிதத்தில் ஆழம், பைத்தான் நிரலாக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும். கடைசி இரண்டையும் தவிர்த்துவிட்டு நிரலாக்கத்தை மட்டும் கற்று உள்ளே வருபவர்கள் மற்றவர்கள் கட்டிய அணியை ஓட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கிரெப்ஸ் சுழற்சியைப் பார்க்காமல் எழுதத் தெரிவதும், நுண்ணுயிரை ஒரு முறையேனும் குடுவையில் வளர்த்து அதன் வளர்ச்சிக் கோட்டை அளந்து வரைந்திருப்பதும் இந்தத் துறைக்கு வேண்டிய தகுதிகள். பால்சனின் ஆய்வகம் கணினியோடு நிற்காமல் பாக்டீரியாவையும் வளர்த்தது. கிளிசரால் சோதனை அதனால்தான் சாத்தியமாயிற்று.

தொடங்குவதற்குப் பணமோ அனுமதியோ தேவையில்லை. பிக் என்ற திறந்த தரவுத்தளத்தில் மேலே சொன்ன மாதிரிகளில் பல உள்ளன. கோப்ராபை என்ற பைத்தான் தொகுப்பு இலவசம். ஈ. கோலையின் மைய மாதிரியை எடுத்து, ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 10 மில்லிமோல் குளுக்கோஸ் என்று எல்லை வைத்துத் தீர்த்தால், வளர்ச்சி வேகம் மணிக்கு 0.87 என்று வரும். ஆக்சிஜன் வரத்தைச் சுழியமாக்கினால் அது 0.21 ஆகக் குறைந்து, அசிட்டேட், எத்தனால், ஃபார்மேட் ஆகியவை வெளியேறத் தொடங்கும். ஏன் இந்த மூன்றும், ஏன் இந்த விகிதத்தில் என்பதை எலக்ட்ரான் சமநிலை எழுதித் தாளில் விளக்கும்படி கேட்பது மிக நல்ல வீட்டுப்பாடம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் ஆண்டின் பொருள் சமநிலைப் பாடத்தில் சுண்ணாம்புச் சூளைக்கும் ஆவியாக்கிக்கும் பக்கத்தில் இந்த ஒரு கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.